மெத்தை வெளியே போன நாள்

ஒரு கிழமையாக விடாமல் பெய்த மழை அன்று விடியற்காலையில் ஓய்ந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வெயில் எட்டிப் பார்த்ததுமே ஐறீன் பழைய கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு, துவாய் ஒன்றால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

இன்றைக்கு விட்டால் இனி முடியாது. சனிக்கிழமை. கூட இருக்கும் மச்சாள், கணவனின் அக்கா கொன்ஸ்ரன்ஸ், கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். மத்தியானம் தாண்டித்தான் வருவாள். அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

மகள் மெலனியை ஐறீன் காலையிலேயே எதிர்வீட்டு நேசமலரிடம் கொண்டுபோய் விட்டிருந்தாள். வீட்டைச் சுத்தம் பண்ணப் போகிறேன், தூசி பிள்ளைக்குக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“பின்னேரம் வரைக்கும் பிள்ளையை வச்சிருங்கோ அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, நேசமலரின் முகத்தைப் பாராமலே திரும்பி நடந்தாள்.

அந்த அரைகுறைப் பேச்சு அன்று என்னவெல்லாம் செய்யப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

ஆறு வயது மெலனிக்கு அந்தக் கிழமை வந்த மூச்சு முட்டு, முந்தி வந்தவை போல இல்லை. உதடு நீலம் பாரித்து, ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. மழைக்குள் திரீவீலர் பிடித்து, செக்பொயின்ற்றில் இறங்கி ஐடென்ரிற்றி காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை துவண்டுவிட்டது. முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகுதான் கண் திறந்தது.

“மருந்து நான் தாறன்” என்றார் அந்தப் பெண் டொக்டர். “ஆனா வருத்தம் உங்கட வீட்டுக்குள்ள இருக்கு. எங்கயும் ஈரம் ஊறுதா?”

“பின் அறையில, டொக்டர். அலுமாரிக்குப் பின்னால.”

“யன்னல் திறக்கிறேல்லையா?”

ஐறீன் பிள்ளையின் தலையைக் கோதினாள். யன்னல் கதையை அங்கே எப்படிச் சொல்வது?

போன வருடம் சுற்றிவளைப்பு நடந்த ஒரு இரவில், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவன் வலன்ரைனைக் கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அதன் பிறகு அவள் ஏறாத படி இல்லை. எங்கே கேட்டாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற ஒரே பதில்தான். அன்று ராணுவத்தின் டோர்ச் வெளிச்சம் அந்தப் பின் யன்னல் வழியாகத்தான் கட்டிலில் விழுந்தது. மறுநாள் கொன்ஸ்ரன்ஸ் யன்னலை அறைந்து சாத்தி ஆணி அடித்துவிட்டாள். அதோடு அந்த அறைக்குள் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை.

டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். “பழைய பஞ்சு மெத்தையை எறியுங்கோ. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி லட்சக்கணக்கில இருக்கும். திரைச்சீலை வேண்டாம். உடுப்பு, போர்வை எல்லாம் கொதிதண்ணியில போடுங்கோ. தும்புத்தடியால கூட்டாதேங்கோ, தூசி எழும்பும். ஈரத்துணியால துடையுங்கோ. பூஞ்சணம் பிடிச்ச சுவரைக் குளோரின் போட்டுத் தேய்ச்சுப்போட்டு, காஞ்ச பிறகு சுண்ணாம்பு அடியுங்கோ. முக்கியமா யன்னலைத் திறவுங்கோ.”

பிறகு மெலனியின் பக்கம் குனிந்தார். “நீங்கள் என்னத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுவீங்கள்? பொம்மையா?”

“டடாட சேட்” என்றாள் மெலனி.

டொக்டர் நிமிர்ந்து ஐறீனைப் பார்த்தார். “அது எப்ப தோய்ச்சது?”

தோய்த்ததே இல்லை. வலன்ரைன் கடைசியாகக் கழற்றிக் கதவில் கொழுவிய நீலச் சேட் அது. அழுத பிள்ளையிடம் அதை எடுத்துக் கொடுத்தவள் ஐறீன்தான். மணந்து பார் குஞ்சு, டடா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று சொன்னவளும் அவள்தான்.

மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கவே அரை மூச்சு போய்விட்டது. ஊறிக் கனத்துக் கிடந்தது. அதில் வலன்ரைன் படுத்த பக்கம் இன்னும் பள்ளமாகத்தான் இருந்தது. ஐறீன் அதைப் பார்க்காமல் இழுத்தாள். முன் அறை வழியாக, படியால் இறக்கி, ஒழுங்கையின் ஓரத்தில் போட்டாள்.

மாநகரசபைக் குப்பை லொறி அப்போதுதான் வந்தது.

“நோனா, மேக்க அரங் யன்னத?” கொண்டுபோகவா என்று லொறிக்காரன் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் மெத்தையைத் தட்டிப் பார்த்துத் தயங்கினான். “ஹொந்த மெட்டயக்னே?” நல்ல மெத்தைதானே என்றான்.

“துவட்ட அசனீபய்” என்றாள். மகளுக்குச் சுகமில்லை.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. மெத்தை மீன்கடைக் குப்பைக்கு மேலே போய் விழுந்தது. லொறி திரும்பி மறையும் வரைக்கும் ஐறீன் வாசலில் நின்றாள். தன்னை அறியாமல் கை இரண்டையும் கவுனில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பிறகு அழ நேரம் இருக்கவில்லை.

அலுமாரியை மூலைக்கு மூலை நகர்த்தி இழுத்தாள். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. பூஞ்சணம் பலகையிலும் ஏறி, கதவு இடுக்கால் உள்ளே போய், அடுக்கியிருந்த சேட்டுகளின் கொலர்களில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது. கரப்பான்கள் நாலு பக்கமும் ஓடின. இதற்கு இரண்டு முழம் தள்ளித்தான் பிள்ளையின் தலகணி இருந்தது. ஒவ்வொரு இரவும், ஒரு வருடமாக.

குளோரின் தூளைக் கரைத்து ஊற்றித் தேய்த்தாள். கண் எரிந்தது. விரல் நுனி வெந்தது. கறுப்பு கரைந்து வழிய வழியத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

கடைசியில் யன்னல். சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து ஆணிகளை நெம்பினாள். கடைசி ஆணி கழன்றதும் யன்னல் தானாகவே திறந்துகொண்டது. துறைமுகப் பக்கத்துக் காற்று, தாரும் உப்பும் கலந்த வாசத்தோடு, அறைக்குள் வந்து சுற்றியது. ஐறீனுக்கு முதலில் வந்தது பயம். கை சாத்தத்தான் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

பின் முற்றத்தில் பெரிய பானையில் சவுக்காரத் தண்ணீர் கொதித்தது. சேட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். கோயிலுக்குப் போடும் வெள்ளை. வேலைக்குப் போடும் கோடு போட்டது. கலியாணத்துக்கு அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு அவள் தைப்பித்துக் கொடுத்த கிறீம் நிறம்.

நீலச் சேட் மட்டும் கையில் நின்றது.

ஒரே ஒரு முறை என்று நினைத்துக்கொண்டு துவாயை இறக்கி, கொலருக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

அவள் அறிந்த மணம்தான். ஒரு வருடமாக இருட்டில் தேடித் தேடி முகர்ந்த அதே மணம். அந்த மணத்தைத்தான் அவள் காலை முழுக்க அலுமாரிக்குப் பின்னாலிருந்து தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வலன்ரைனின் மணம் எப்போதோ போய்விட்டது. எந்த மாதம் போனது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் பிள்ளையின் மூக்கில் வைத்துக்கொண்டிருந்தது வெறும் பூஞ்சணம்.

சேட்டைப் பானைக்குள் விட்டாள். அது ஒரு தரம் காற்றடைத்து மேலே எழும்பியது. அகப்பைக் காம்பால் அமத்தினாள். அமத்திக்கொண்டே சத்தம் வராமல் அழுதாள்.

வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியபோது பின் அறைச் சுவர் காய்ந்து, முதல் பூச்சுச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. மிச்சத்தை முன் அறைக்கு அடித்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் வெள்ளைத் துளி. அப்போது நேசமலர் படியேறினாள். காலையில் பூப்போட்ட கவுனில் நின்றவள் இப்போது வெள்ளைச் சேலையில். கையில் கோப்பிப் போத்தல்.

வந்தவள் போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஐறீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள்.

“என்னட்டச் சொல்லக்கூடாதா ஐறீன்? பிறகு அயல் எண்டு நாங்கள் ஏன் இருக்கிறம்?”

“என்னத்தை அக்கா?”

“பிள்ளையைக் கொண்டுவந்து விடேக்கயே உன்ட முகத்தைப் பாத்தனான். பிறகு மெத்தையை எறிஞ்சாய். அவரிட உடுப்பெல்லாம் அவிச்சுக் காயப் போட்டிருக்கிறாய். சுண்ணாம்பு அடிக்கிறாய். கண் இப்பிடிச் சிவந்துபோய்க் கிடக்கு. எப்ப செய்தி வந்தது? பிரேதத்தைத் தருவாங்களாமா?”

ஐறீனின் கையிலிருந்த தூரிகை சொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ அக்கா! ஒரு செய்தியும் வரேல்லை. இது மெலனியிட முட்டுக்காக. டொக்டர் சொன்னவ.”

நேசமலரின் கை வாய்க்குப் போனது. “ஆண்டவரே! நான் சந்திக் கடையில சொல்லிப்போட்டனே. எல்லாரும் வரப்போகினமே.”

“பிள்ளைக்கு?”

“பிள்ளைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.” நேசமலர் தலையைக் குனிந்தாள். “ஆனா நாங்கள் கதைக்கேக்க அவ அங்கதான் நிண்டவ.”

ஐறீன் எதிர்வீட்டுக்கு ஓடத் திரும்பினாள். அதற்குள் ஒழுங்கை முனையில் அந்த அலறல் கேட்டது.

“தம்பீ! என்ட தம்பீ!”

கொன்ஸ்ரன்ஸ் ஓடி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பஸ்சால் இறங்கியவளிடம் கடைக்காரர் கையைப் பிடித்து அனுதாபம் சொல்லியிருக்கிறார். தாய் போன பிறகு வலன்ரைனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தனக்கென்று ஒரு கலியாணம்கூடச் செய்துகொள்ளாமல் அவனைப் படிப்பித்தாள். வீட்டு வாசலைக் கண்டதும் படியில் விழுந்தாள்.

“மச்சாள், எழும்புங்கோ. இல்லை மச்சாள். ஒரு செய்தியும் இல்லை. நேசமலர் அக்கா பிழையா விளங்கிப்போட்டா.”

“செய்தி இல்லையா?”

“சத்தியமா இல்லை.”

கொன்ஸ்ரன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூச்சு வாங்கியது. முன் அறையைப் பார்த்தாள். பின் அறைக்குள் போனாள். வெறும் கட்டில், வெள்ளைச் சுவர், திறந்த யன்னல், அதற்கு வெளியே கொடியில் வரிசையாகத் தொங்கிய சேட்டுகள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

“செய்தி இல்லாட்டி ஏன் இதெல்லாம் செய்தனீ?”

“பிள்ளைக்கு மூச்சு வேணும் மச்சாள்.”

“என்னட்டக் கேட்டியா? நான் வேலைக்குப் போன நேரம் பாத்துச் செய்திருக்கிறாய். அவன் திரும்பி வந்தா எங்க படுப்பான் எண்டு நினைச்சனியா?”

“வந்தா நான் நிலத்தில படுக்கிறன். பாய் இருக்கு.”

“வந்தா!” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “வந்தா எண்டு சொல்லுறாய் பார். ஊர் பிழையா விளங்கேல்லை. ஊர் சரியாத்தான் விளங்கியிருக்கு. நீ முடிவு கட்டிப்போட்டாய்.”

ஐறீனுக்குக் கோபம் வந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக மச்சாளுக்கு முன்னால் குரல் உயர்ந்தது. “செவ்வாய்க்கிழமை பிள்ளையிட உதடு என்ன நிறத்தில இருந்தது எண்டு நீங்கள் பாக்கேல்லையா? அந்த அறைக்குள்ள வச்சு அவவையும் நான் விடவா? எனக்கு ஒண்டுதான் மிச்சம் மச்சாள்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. மிச்சம் ஒன்று என்றால் மற்றது?

கொன்ஸ்ரன்ஸ் காலில் மிஞ்சிய ஒற்றைச் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டாள்.

“அம்மா.”

வாசலில் மெலனி நின்றாள். எதிர்வீட்டிலிருந்து தானாகவே வந்துவிட்டாள்.

“டடா செத்துப்போனாராம். உண்மையா?”

“இல்லை!” என்றாள் கொன்ஸ்ரன்ஸ் உடனே. “ஆர் சொன்னது? மாமி சொல்லுறன், இல்லை.”

பிள்ளை மாமியைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்தது. ஐறீன் முழங்காலிட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். எத்தனையோ இரவு சொன்ன சொல்தான்.

“எங்களுக்குத் தெரியாது குஞ்சு” என்றாள். “அம்மாவுக்கும் தெரியாது. மாமிக்கும் தெரியாது.”

மெலனி அழவில்லை. “சேட் எங்க?” என்று கேட்டாள்.

கொடியில் ஈரம் காயாமல் தொங்கிய நீலச் சேட்டை ஐறீன் காட்டினாள். பிள்ளை போய் அதன் கையை இழுத்து மூக்கில் வைத்தது.

“சவுக்காரம் மணக்குது” என்று சொல்லி அதை விட்டுவிட்டு வந்து, முன் அறையில் விரித்திருந்த புதுப் பாயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கொன்ஸ்ரன்ஸ் குசினிக்குள் போனாள். பாத்திரம் எதையும் தொடும் சத்தம் அங்கிருந்து வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் நேசமலர் வாசலில் நின்று திருப்பி அனுப்பினாள். ஒளி மங்கும் நேரம் அவளும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் வந்தான்.

மெலிந்து, தாடி வளர்ந்து, வாசல் படிக்குக் கீழேயே நின்றான். ஐறீனுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹியூபேட். வலன்ரைனோடு துறைமுகத்தில் வேலை செய்தவன். அதே இரவு, அதே ராணுவ லொறியில் ஏற்றப்பட்டவன். சில மாதத்தில் அவனை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஐறீன் ஹெந்தளையில் இருந்த அவன் வீட்டுக்குத் தேடிப் போனாள். அவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று தமையன் கதவு இடுக்கால் சொன்னான். அவனைத்தான் இப்போது முன்னால் காண்கிறாள்.

“சந்தியில சொன்னாங்கள் அக்கா” என்றான் ஹியூபேட். நிலத்தைப் பார்த்தே பேசினான். “அண்டைக்கு நீங்கள் வரேக்க நான் உள்ளதான் இருந்தனான். வாய் திறந்தா திரும்பவும் பிடிப்பம் எண்டு சொல்லித்தான் விட்டவங்கள். இப்ப அவன் செத்ததை அவங்களே சொல்லிப்போட்டாங்கள்தானே. இனி நான் என்னத்தை ஒளிக்க?”

ஒரு செய்தியும் வரவில்லை. அந்த வார்த்தை ஐறீனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இவன் வந்த வழியே போய்விடுவான். இனி ஒருநாளும் வரமாட்டான்.

“ஓம்” என்றாள். “சொல்லிப்போட்டாங்கள். உள்ள வாங்கோ.”

குசினி வாசலில் கொன்ஸ்ரன்ஸ் நின்றாள். அவள் வாய் திறந்தது. ஐறீன் அவளை ஒருமுறை பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் வாயை மூடிக்கொண்டு, கதிரை ஒன்றைத் தூக்கிவந்து ஹியூபேட்டுக்கு முன்னால் வைத்தாள்.

அவன் கதிரையின் நுனியில் இருந்தான்.

“கடைசியா நான்தான் அவனுக்குப் பக்கத்தில இருந்தனான். எங்களை அடைச்சு வச்ச அறைக்கு யன்னல் இல்லை அக்கா. சுவரில தண்ணி வடியும். படுக்கத் தந்த சாக்கெல்லாம் பூஞ்சணம். மழை தொடங்கினாப் பிறகு அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கீட்டுது. இருந்தும் ஏலாது, படுத்தும் ஏலாது. விடிய விடிய நான் முதுகைத் தடவிக்கொண்டு இருப்பன்.”

“அவருக்கு முட்டு இருக்கேல்லையே” என்றாள் ஐறீன்.

“இருந்தது.” கொன்ஸ்ரன்ஸின் குரல் பின்னாலிருந்து வந்தது. “சின்னனில இருந்தது. மெலனியிட வயசில. வளர வளர விட்டுட்டுது. அதால உனக்குச் சொல்லேல்லை.”

ஐறீன் பாயில் கிடந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஹியூபேட்டைப் பார்த்தாள். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒருநாள் விடிய ரெண்டு பேர் வந்து தூக்கினாங்கள். ஆஸ்பத்திரிக்கு எண்டு சொன்னவங்கள். தூக்கேக்க என்ட கையைப் பிடிச்சான். ‘ஐறீனிட்டச் சொல்லு’ எண்டான். என்னத்தைச் சொல்ல எண்டு கேட்டன். சொல்ல அவனுக்கு மூச்சு வரேல்லை அக்கா. கையை மட்டும் இறுக்கினான். அதைத்தான் நான் இவ்வளவு நாளும்…”

“எந்த ஆஸ்பத்திரி?”

கேள்வி ஐறீனை மீறி வெளியே வந்துவிட்டது.

ஹியூபேட் மெல்லத் தலையை நிமிர்த்தினான். ஐறீனின் முகத்தைப் பார்த்தான். சுவரில் மாலையோ மெழுகுதிரியோ இல்லாததைப் பார்த்தான். அவன் நிறம் மாறியது.

“உங்களுக்கு… ஒண்டும் தெரியாதா?”

அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஆனால் அவனுக்கு முதல் கொன்ஸ்ரன்ஸ் வாசலுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

“இருங்கோ தம்பி” என்றாள். “எந்த நாள், எந்த வாகனம், ஆர் தூக்கினது? ஒண்டும் விடாமச் சொல்லிப்போட்டுத்தான் போகலாம்.”

ஐறீன் எழுந்துபோய் மச்சாளுக்குப் பக்கத்தில் நின்றாள்.